அரியணை இழந்த ‘இப்பொழுது’

‘இப்பொழுது’ என்பது எளிய சொல். ஏர் உழும் உழவனும் அறிவான். ஏடு புரட்டும் புலவனும் அறிவான். இங்கே இப்பொழுது என்றால், திங்களிலும் இப்பொழுதே, தொலைவிலே மின்னும் விண்மீனிலும் இப்பொழுதே என்று நம்பி வந்தோம். அண்டம் முழுமைக்கும் ஒரே கடிகாரம், ஒரே அரசன், ஒரே ஆணை! நல்ல நேரம், கெட்ட நேரம் கணித்துக் காசு கண்டவர்கள் மட்டுமா இப்படி நம்பினர்? நிகரற்ற அறிவாளர் நியூட்டனும் அப்படியே கொண்டிருந்தார். 1687இல் வெளிவந்த அவரது பெருநூலிலே, எங்கிருந்து எவர் அளந்தாலும் மாறாத காலம் என்ற கருத்து அரியணை ஏறிற்று.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அசையாதிருந்த அந்த அரியணையை அசைத்தவர், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரிலே, காப்புரிமை அலுவலகத்திலே பணியாற்றிய 26 வயது இளைஞர் ஐன்ஸ்டீன். ஆண்டு 1905. சீராகச் செல்லும் எவருக்கும் இயற்கையின் விதிகள் ஒன்றே. ஒளியின் வேகம், அளப்பவர் நின்றாலும் ஓடினாலும், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டரே. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால், இருவருக்கும் பொதுவான ‘இப்பொழுது’ இல்லை என்ற முடிவிலே கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய கணக்கு. கற்றவர் திகைத்தனர், கல்லாதவர் கேட்கவும் இல்லை.

அந்தக் கணக்கைக் கோடு கிழித்துக் கண்ணுக்குக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி.

ருஷ்யப் பேரரசிலே, இன்றைய லித்துவேனியாவின் கௌனஸ் நகரையொட்டிய ஊரிலே, 1864இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்க்கு ஜார் ஆட்சி விதித்த கட்டுகள் கழுத்தை நெரித்தன. 1872இல் குடும்பம் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த மண் இடமளிக்க மறுத்த அந்தப் பிள்ளை, 18ஆம் வயதிலே பாரிஸ் அறிவியற் கழகத்தின் கணிதப் பெரும்பரிசை, முதிர்ந்த ஆங்கிலக் கணித அறிஞர் ஹென்றி ஸ்மித்துடன் பகிர்ந்து பெற்றது! பின்னர் ஜூரிச்சிலே ஆசிரியரானார். அவர் வகுப்புக்கு ஒழுங்காக வராத மாணவர்களிலே ஒருவர்தான் ஐன்ஸ்டீன்.

1908 செப்டம்பர் 21. கொலோன் நகரிலே ஜெர்மன் இயற்கை ஆய்வாளர், மருத்துவர் பேரவை. மேடையேறிய மின்கோவ்ஸ்கி, இடமும் காலமும் தனித்தனி அரசு நடத்திய நாள் முடிந்தது என்ற கருத்தை அறிவித்தார். இரண்டும் இணைந்த காலவெளி ஒன்றே நிலைக்கும் என்றார். அவர் காட்டிய படத்தை வரைய மேதை வேண்டுவதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

படுக்கையாக ஒரு கோடு இழுப்போம், அது இடம். நிமிர்வாக ஒரு கோடு, அது காலம். இரண்டும் வெட்டும் புள்ளியே ‘இங்கே, இப்பொழுது.’ திண்ணையிலே சும்மா இருப்பவன் இடம் மாறுவதில்லை. காலம் மட்டும் ஏறுகிறது. ஆகவே அவன் வரலாறு நேர் மேலாகச் செல்லும் ஒரு கோடு. விரைந்து செல்பவன் கோடு சாயும். வேகம் மிகுந்தால் சாய்வும் மிகும். மேலே ஓராண்டு எத்தனை அங்குலமோ, பக்கத்திலே ஒளி ஓராண்டு செல்லும் தொலைவும் அத்தனை அங்குலம் என்று அளவு வைத்தால், ஒளியின் கோடு சரியாக 45 பாகையிலே சாயும். அதைவிடச் சாய்ந்த கோட்டிலே எவரும் செல்ல இயலாது. அதுவே எல்லை.

விரைந்து செல்பவனுக்கும் ஒரு ‘இப்பொழுது’ உண்டு. ஆனால் அவனுடைய ‘இப்பொழுது’க் கோடு நம்முடையதுபோலப் படுத்துக் கிடப்பதில்லை. அவன் காலக்கோடு ஒருபுறமிருந்து ஒளிக்கோட்டை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவே மறுபுறமிருந்து இதுவும் நெருங்கி எழுகிறது. விளைவென்ன? இடப்பக்கமும் வலப்பக்கமும் சம தொலைவிலே இரு விண்மீன்கள் ஒரே வேளையில் வெடித்தன என்கிறோம் நாம். வலப்பக்கமாக விரைபவன், ஒளி வந்து சேர்ந்த நேரத்தையெல்லாம் கழித்துக் கணக்கிட்ட பின்னரும், ‘இல்லை, வலப்பக்கத்ததே முந்தி’ என்கிறான். யார் சொல்வது பொய்? இருவரும் மெய்யே சொல்கின்றனர். கோடுகள் வேறு, ஆகவே ‘இப்பொழுது’களும் வேறு.

உடனே குரல் எழுப்புவார் சிலர்: “பார்த்தீர்களா! எல்லாம் அவரவர் பார்வை. உண்மை என்று ஒன்றில்லை என விஞ்ஞானமே விளம்பிவிட்டது!” அவசரக்காரர் அவர்கள். படத்தை இன்னும் ஒருமுறை காணவேண்டும்.

இரட்டைப் பிள்ளைகள் இருவர். அண்ணன் வீட்டிலே இருக்கிறான். தம்பி, ஒளியின் வேகத்திலே ஐந்தில் நான்கு பங்கு வேகத்துடன், நான்கு ஒளியாண்டுத் தொலைவு சென்று திரும்புகிறான். போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. அண்ணனுக்கு 10 ஆண்டு கழிந்தது. தம்பிக்கு? பள்ளியிலே படித்த செங்கோண முக்கோணத்திலே, இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினோம். காலவெளியிலே கூட்டலுக்குப் பதில் கழித்தல்! ஐந்தின் வர்க்கம் 25, நான்கின் வர்க்கம் 16, கழித்தால் 9, அதன் மூலம் 3. போக 3, வர 3. தம்பிக்கு ஆறே ஆண்டுகள். தாளிலே பார்த்தால் வளைந்து சென்ற தம்பியின் கோடே நீளம். கடிகாரத்திலே பார்த்தால் அவன் காலமே குறைவு. இது கதையன்று. 1971இல் விமானத்திலே உலகைச் சுற்றிவந்த அணுக் கடிகாரங்கள், கொள்கை கூறிய அளவையொட்டியே வேறுபட்டு நின்றன.

அந்த 9 என்ற எண்ணை எவர் அளந்தாலும் 9தான். தொலைவிலே வேறுபடுவர், காலத்திலே வேறுபடுவர். வர்க்கங்களைக் கழித்து வரும் எண்ணிலே வேறுபட மாட்டார். இன்னொன்றும் உண்டு. ஒளிக்கோடுகளுக்குள் மேலே அமைந்த பகுதி, நம்மால் பாதிக்கப்படக்கூடிய எதிர்காலம். கீழே அமைந்தது, நம்மைப் பாதித்திருக்கக்கூடிய இறந்தகாலம். காரணம் முந்தி, காரியம் பிந்தி என்ற அந்த வரிசையை எவர் பார்வையும் மாற்றாது. பக்கங்களிலே, எந்தச் செய்தியும் எட்டாத பகுதியிலேதான் முந்தி பிந்தி என்ற வழக்கு எழும். தனிச் சலுகை பெற்ற பார்வையாளன் இல்லை. ஆனால் அனைவர்க்கும் பொதுவான உண்மை உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் போய்விடும் என அஞ்சியவர்க்கு இந்தப் படமே விடை.

ஐன்ஸ்டீனே முதலில் இதனைத் தேவையற்ற புலமை என எண்ணினாராம். ஆயினும் 1916இல் பொதுச் சார்புக் கொள்கையை வெளியிட்டபோது, மின்கோவ்ஸ்கியின் பணி வழியை எளிதாக்கியது என அச்சிலேயே ஒப்பினார். கேட்டு மகிழ அவர் இல்லை. 1909 ஜனவரியிலே, 44ஆம் வயதிலே, குடல்வால் நோய் அவரைக் கொண்டு சென்றது.

பின்னர் நடந்தது வெட்கக் கதை. நோபல் பரிசு பெற்ற லெனார்டும் ஸ்டார்க்கும் இதனை ‘யூதர் பௌதிகம்’ என்று இழித்தனர். 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. மின்கோவ்ஸ்கி பணியாற்றிய கோட்டிங்கனிலிருந்து, அவரிடம் பயின்ற மாக்ஸ் போர்னும், கணித மேதை எம்மி நோய்தரும் பதவி பறிக்கப்பட்டனர். கணக்கிலே பிழை காண முடியாதவர், கணித்தவரின் குலத்திலே பிழை கண்டனர்!

குலத்திலே பிழை காணும் நோய் ஜெர்மனிக்கு மட்டும் உரியதா? ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் கட்டுரைகளை ஆங்கிலமாக்கி 1920இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் வெளியிட்டதே, அந்த நூலை ஆக்கிய இளைஞர் இருவர்: சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா. மின்கோவ்ஸ்கியின் கட்டுரையைப் பெயர்த்தவர் சாஹா. கிழக்கு வங்கத்துச் சிற்றூரிலே சிறு கடைக்காரரின் மகன். கல்கத்தாவிலே படித்த நாளிலே, விடுதி உணவுக்கூடத்திலே அவரோடு அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர் மறுத்தனர். விண்மீன்களின் இயல்பை உலகுக்கு உரைத்த பின்னரும், “இதெல்லாம் வேதத்திலேயே உண்டு” என்றார் டாக்கா வழக்கறிஞர் ஒருவர். எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்டார். தாம் வேதம் படித்ததில்லை என்று வந்தது விடை!

சாதி ஒழிய வேண்டும் என்பதற்கு ஒளியின் வேகம் சான்றாகாது. அதற்கு மனித நேயமும் நீதியுமே போதும். பௌதிகத்திடமிருந்து நாம் பெறவேண்டியது வேறு. ‘என் பார்வையே உலகின் பார்வை, என் நேரமே அண்டத்தின் நேரம்’ என்று எவர் அரியணை கேட்டாலும், ‘அளந்து காட்டு’ என்று கேட்கும் துணிவு. நியூட்டனிடமே அதைக் கேட்டது அறிவு. நியூட்டன் புகழ் குறையவில்லை, அறிவு வளர்ந்தது. நம் ஊர்ப் பஞ்சாங்கத்திடம் கேட்க ஏன் தயக்கம்?

தாளிலே இரு கோடு போதும். வரையுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரைந்து காட்டுங்கள்.