நரக நெருப்பும் மலைநாட்டு மக்களும்

நரகம் என்பது உண்மையான நெருப்பு எரியும் ஓர் இடமா, அன்றி இறைவனைப் பிரிந்த மனிதனின் நிலையைச் சுட்டும் உருவகமா என்னும் வினா, கிறிஸ்தவ சமயத்துள் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோன்றிய ஒரிகன், பாவி தன் பாவங்களாலேயே தனக்குரிய நெருப்பை மூட்டிக்கொள்கிறான் என்றும், அந்நெருப்பு அழிப்பதற்கன்று, தூய்மை செய்வதற்கே என்றும் கருதினார். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் தமது ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலின் 21 ஆம் பகுதியில், உடல் எரியும், எனினும் அழியாது என்று வாதிட்டார். ஒரிகனின் பெயரால் வழங்கிய கொள்கைகள் ஆறாம் நூற்றாண்டில் கண்டனத்துக்குள்ளாயின. அகஸ்தீனின் கருத்தே மேலைத் திருச்சபையின் பொதுக் கருத்தாய் நிலைத்தது.

இது மதகுருமாரின் நூலகத்துள் நடந்த சொற்போர், உழைக்கும் மக்களுக்கும் இதற்கும் தொடர்பென்ன என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடக் கூடும். ஆனால் கண்டி மாநகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் மனத்திற்கொண்டு இவ்வரலாற்றை ஆராய்வோமாயின், விவாதம் நெருப்பைப் பற்றியது மட்டுமன்று என்பது புலனாகும். மனிதரைத் தண்டனைக்குரியவர் என்று தீர்க்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது, எக்குற்றத்துக்காகத் தீர்க்கப்படுகின்றனர் என்பவையே அதன் உள்ளுறை.

முதலில் சொல்லை நோக்குவோம். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் எபிரேய மொழியின் ‘ஷியோல்’, கிரேக்கத்தின் ‘ஹேடீஸ்’, ‘கெஹன்னா’ ஆகிய வேறுபட்ட சொற்களை யாண்டும் பிரித்துக் காட்டவில்லை. பலவிடங்களில் அனைத்தையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தது. ஷியோல் இறந்தோர் யாவரும் சேரும் இருளுலகம். கெஹன்னாவோ எருசலேமின் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். முற்காலத்தில் மோளேகு தெய்வத்துக்குக் குழந்தைகளை நெருப்பில் பலியிட்டதாகப் பழிபெற்ற இடம். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னதைப் பெரும்பாலும் ‘பாதாளம்’ என்றும், பின்னதை ‘நரகம்’, ‘எரிநரகம்’ என்றும் வேறுபடுத்தினர். இவ்வகையில் தமிழ் ஆங்கிலத்தினும் தெளிவாயிருந்தது எனலாம்.

ஆயினும் ‘நரகம்’ என்னும் சொல் வெறும் பாத்திரமன்று. அதற்குள் பழைய பொருள் நிறைந்திருந்தது. சைவம் இருபத்தெட்டுக் கோடி நரகங்களைப் பேசும். எனினும் வினை தீர்ந்ததும் உயிர் அங்கிருந்து மீளும். சிங்களப் பௌத்தன் அஞ்சும் அவீசி நரகமும் எண்ணற்கரிய காலம் நீடிப்பதாயினும் முடிவுடையதே. ஆகவே பாதிரியார் நரகம் என்று கூறியபோது கேட்டவன் ஒன்றைப் புரிந்துகொண்டான், கூறியவரோ வேறொன்றைக் கருதினார். முடிவில்லாத தண்டனை என்னும் கருத்தே இம்மண்ணுக்குப் புதியது.

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818 இல் திருச்சபை மிஷன் சங்கத்தார் கண்டியில் தம் பணியைத் தொடங்கினர். அதன்பின் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தனர் நம் மக்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. எஞ்சியவர்களுக்காக 1854 இல், துரைமாரின் ஆதரவோடும் திருச்சபை மிஷன் சங்கத்தின் மேற்பார்வையிலும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வருவிக்கப்பட்டனர். அவர்கள் தோட்டந்தோறும் சென்று போதித்தனர், எழுத்தும் கற்பித்தனர். அவ்வெழுத்தறிவின் பயனை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் ஒரு முரண்பாட்டைச் சுட்டாமலிருக்க முடியாது. அஞ்ஞானி மீட்பரை அறியாது இறப்பானாயின் நித்திய அக்கினிக்கு இரையாவான் என்பது அக்காலச் சுவிசேஷ இயக்கத்தின் பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையே மிஷனரிமாரைக் கடல் கடக்கச் செய்தது. அதனைக் கேட்ட தொழிலாளியோ முடிவில்லாத தண்டனையை இவ்வுலகிலேயே அறிந்திருந்தான். ஊரை விட்டுப் புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம் அவன் பெயரில் கடனாக ஏறியது. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போனால் அக்கடனும் அவனோடு சென்றது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, எவ்வளவு உழைத்தும் தீராத கடன் என்பது அவனுக்கு உருவகமன்று. வழியில் இறந்து புதைக்கப்பட்ட தாயும் தந்தையும் திருமுழுக்குப் பெறாதவர்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்னும் கேள்விக்கு அக்காலப் போதனை தந்த விடை எத்துணைக் கொடியது!

அதே ஆண்டுகளில் இங்கிலாந்திலேயே அவ்விடை ஆட்டங்கண்டிருந்தது என்பது கருதற்பாலது. கிறிஸ்தவ சோஷலிச இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பிரடெரிக் டெனிசன் மோரிஸ், ‘நித்தியம்’ என்பது முடிவற்ற கால நீட்சியைக் குறிப்பதன்று, இறைவனோடுள்ள உறவின் தன்மையையே குறிப்பது என்று எழுதினார். 1853 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைப் பதவியினின்றும் நீக்கியது. மறு ஆண்டே அவர் தொழிலாளர் கல்லூரியை நிறுவினார். கண்டி மலைகளில் கூலி மிஷன் தொடங்கிய அதே 1854 ஆம் ஆண்டு அது.

1860 இல் வெளிவந்த ‘கட்டுரைகளும் மதிப்புரைகளும்’ என்னும் தொகுதியில், தீயோருக்கும் இறுதியில் மன்னிப்புக் கிட்டலாம் என்று நம்பிய ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்னும் குருவானவர் வழக்கிற் சிக்கினார். 1864 இல் பிரிவி கவுன்சில், அத்தகைய நம்பிக்கை கொள்வது குற்றமாகாது என்று தீர்த்தது. உடனே ஏறத்தாழ 11,000 குருமார் நித்திய தண்டனையை வலியுறுத்தும் அறிக்கையிற் கையொப்பமிட்டனர். நரகத்தின் அச்சம் நீங்கினால் ஒழுக்கம் குலையும், கீழ்வகுப்பார் கட்டுக்கடங்கார் என்ற கவலை அக்கால உயர்வகுப்பாரிடையே பரவலாக இருந்தது. ஆளும் வர்க்கத்துக்கு நரகம் ஒரு காவல் நிலையமாகவும் பயன்பட்டது என்பதை இதிலிருந்து உணரலாம்.

தமிழ்த் தொழிலாளர் சென்றடைந்த மற்றொரு நாட்டிலும் இவ்வினா எழுந்தது. தென்னாபிரிக்காவின் நேட்டால் பேராயர் கொலென்சோ, 1861 இல் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு உரை வரைந்தபோது, சுவிசேஷத்தைக் கேளாத மக்கள் முடிவின்றி வதைக்கப்படுவர் என்பதை ஏற்க மறுத்தார். அவர் சூலு மக்களோடு பழகியவர். அவர்களுடைய கேள்விகளைச் செவிமடுத்தவர். அவருடைய மேல்பேராயர் 1863 இல் அவரைப் பதவி நீக்கம் செய்தார். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் நேட்டாலை அடைந்தது 1860 நவம்பரில். மேலைநாட்டு நூலகத்தில் நூற்றாண்டுகளாய் அசையாதிருந்த கொள்கை, குடியேற்ற நாட்டில் வேற்றுச் சமயத்தவனை அயலானாகக் கண்டபோது அசையலாயிற்று.

கண்டிப் பகுதியில் அந்த அயலான் வாய் திறந்தே பேசினான். 1871 இல் கண்டிக்கு அண்மையிலுள்ள கம்பளையில் பௌத்தரும் கிறிஸ்தவரும் பகிரங்க விவாதம் நிகழ்த்தினர். பௌத்தர் பக்கம் நின்று வாதாடியவர் மிகெட்டுவத்தை குணானந்த தேரர். 1873 இல் பாணந்துறையில் நடந்த பெருவிவாதத்தில், ஆன்மா இல்லையெனில் வினைப்பயனை அனுபவிப்பவன் யார் என்று கிறிஸ்தவ தரப்பு வினவியது. தண்டனைக்கு ஆளாக ஓர் ஆன்மா வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அவ்வினா அன்று வெற்றி தோல்விக்கான கருவியாகவே கையாளப்பட்டது.

அதனையே நட்போடு மீண்டும் எடுத்து ஆராய ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. மெதடிஸ்த குருவான லின் டி சில்வா 1968 இல் மறுபிறப்பைப் பற்றி எழுதிய நூலில், இயல்பாகவே அழியாத ஆன்மா என்பது வேதாகமக் கருத்தன்று என்று கொண்டார். மரணத்தின் பின்னரும் மனிதன் வளர்ச்சியுற்றுத் தூய்மையடைய இடமுண்டு என்றார். பௌத்தனின் அனான்மக் கொள்கையைப் பகையாகக் கருதாது, அதன் துணைகொண்டே தம் சமயத்தை ஆராய்ந்தது அவரது துணிவு. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963 இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகள் இணைந்து நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை வேறு. கண்டியை அடுத்த அம்பிட்டியவில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893 இல் நிறுவிய குருமடத்தில் இந்தியாவின் பல பகுதிகளினின்றும் வந்த மாணவர் பயின்றனர். 1955 இல் அது பூனா நகருக்கு மாற்றப்பட்டது. திருச்சபைக்குப் புறம்பேயுள்ளோர் நித்திய நெருப்புக்குரியோர் என்று 1442 இல் புளோரன்ஸ் சங்கம் வகுத்த வாசகம் அன்றும் ஏட்டில் இருந்தது. 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதோரும் மீட்படையலாம் என்று அறிவித்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது.

அக்கதவு வழியே நெடுந்தூரம் நடந்தவர் இலங்கைத் துறவியான திஸ்ஸ பாலசூரிய. மனிதர் யாவரும் பிறவியிலேயே இறைவனை இழந்தவர்கள், திருச்சபையின் வழியே அன்றி மீள மாட்டார்கள் என்ற விளக்கம், பிற சமயத்து அயலாரை இழிவுபடுத்துவதோடு இறைவனின் அன்புக்கும் பொருந்தாது என்று 1990 இல் வெளிவந்த ‘மரியாளும் மானிட விடுதலையும்’ என்னும் நூலில் அவர் வாதிட்டார். 1997 ஜனவரியில் அவர் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. 1999 ஜூலையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், நரகம் ஓர் இடமென்பதைக் காட்டிலும் இறைவனைத் தானாகவே பிரிந்துகொண்டவனின் நிலை என்று விளக்கினார். அதன் நித்தியத்தை அவர் மறுத்தாரல்லர். எனினும் உலைக்களம் மறைந்தது.

ஆகவே உருவகம் என்போர் வென்றுவிட்டனர், விவாதம் முடிந்தது என்று நாம் மகிழ்ந்துவிடலாமா? அங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நெருப்பு மெய்யென்றோர் அச்சத்தை விற்றனர் என்றால், உருவகமென்றோருட் சிலர் அதனை வெறும் மனநிலையாக்கி நிம்மதியை விற்கின்றனர். நரகம் தனிமனிதனின் அகத்துயரமாய்ச் சுருங்குமாயின், சுரண்டுபவனுக்கு அதனினும் வசதியான கொள்கை வேறில்லை.

நித்திய நெருப்புக்கு ஆதாரமாக அகஸ்தீன் காலந்தொட்டு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மத்தேயு சுவிசேஷத்தின் 25 ஆம் அதிகாரம். அங்கே இடப்பக்கம் நிறுத்தப்பட்டோரின் குற்றப்பத்திரிகையை நிதானமாக வாசிப்போமாயின் வியப்பே உண்டாகும். அவர்கள் எந்த வேதத்தை நம்பினர், திருமுழுக்குப் பெற்றனரா என்று ஒரு கேள்வியும் இல்லை. பசித்தவனுக்கு உணவளிக்கவில்லை; ஆடையற்றவனை உடுத்தவில்லை; நோயாளியையும் சிறைப்பட்டவனையும் பார்க்கவில்லை; அந்நியனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவையே குற்றங்கள். நூற்றாண்டுகளாய் நெருப்பின் தன்மையை அளந்த இரு சாராரும் இக்குற்றப்பத்திரிகையை விட்டுவிட்டனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

அந்நியன் என்னும் சொல் மலைநாட்டில் எவரைக் குறித்தது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் விதியைப் பின்னர் தீர்க்கலாமென்று ஒத்திவைத்தது. நாடற்றோருக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்தறையில் தலைமுறைகள் பிறந்து இறந்தன. இவற்றைக் கண்டும் காணாதிருந்தோர் எச்சமயத்தவராயினும், அவ்வதிகாரம் இடப்பக்கத்தில் நிறுத்துவது அவர்களையே.

இதை உணர்ந்த கிறிஸ்தவரும் கண்டியில் இருந்தனர். இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் 1972 இல் ‘சத்தியோதய’ நிறுவனத்தைக் கண்டியில் அமைத்து, தோட்டத் தமிழரும் கிராமச் சிங்களவரும் ஒன்றுகூடும் களமாக்கினார். நரகம் மெய்யோ உருவகமோ என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை அப்பணிதான் என்று கொள்ளலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வினாவை வகுப்பறையில் எதிர்கொள்ளும்போது, நெருப்பு உண்டா இல்லையா என்று வாதிட்டுக் காலத்தைப் போக்க வேண்டியதில்லை. யார் மீது தீர்ப்பு, எக்குற்றத்துக்காக, தீர்ப்பளிப்பவன் யார் என்று கேட்கப் பழகுவோம், பழக்குவோம். மறுமையின் நரகம் பற்றி அறிஞர் இன்னும் பல நூற்றாண்டு விவாதிக்கட்டும். மனிதர் கட்டிய நரகங்களின் முகவரி நமக்குத் தெரியும். கட்டியவர் மனிதராதலின் அவற்றை இடிப்பவரும் மனிதராகவே இருத்தல் வேண்டும்.