அக்பரின் அவையில் ஒரு புகைக்குழல்

பேரரசர் ஒருவர் ஒரு புதுப்பொருளை முதன்முதலாகச் சுவைத்துப் பார்த்த வேளை, அருகில் நின்றவர் கையாலேயே பதிவு பெறுவது வரலாற்றில் அரிது. முகலாயப் பேரரசர் அக்பர் புகையிலை குடித்துப் பார்த்த நிகழ்ச்சி அத்தகைய அரிய பதிவுகளுள் ஒன்று. எழுதிவைத்தவர் அசத் பேக் கஸ்வீனி. அறிஞர் அபுல் ஃபஸ்லிடம் நெடுங்காலம் பணியாற்றிய இவர், 1602இல் அவர் கொலையுண்ட பின் அக்பரின் நேரடிப் பணிக்கு வந்தவர். பீஜப்பூருக்குத் தூது சென்று, ஹிஜ்ரி 1013ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1604 அளவில் ஆக்ரா திரும்பியபோது, தாம் கொணர்ந்த காணிக்கைகளோடு ஒரு வெள்ளித் தட்டையும் அரசர்முன் வைத்தார்.

அத்தட்டில் இருந்தவற்றை அசத் பேக் ஆசையோடு வருணிக்கிறார். மூன்று முழ நீளமுள்ள குழல் அச்சேயிலிருந்து வந்தது. (நம் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களும் மரக்கலம் செலுத்திய சுமத்ரா துறைமுகம் அது.) குழலின் இரு முனைகளிலும் மணிகள் பதிக்கப்பட்டிருந்தன. வாய்வைக்கும் பகுதி யமன் நாட்டு அகீக் கல். நெருப்பிடப் பொன்னாலான கலம் ஒன்று இருந்தது. பீஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராஹீம் ஆதில் ஷா அளித்த அழகிய அடைப்பையில் வெற்றிலைக்குப் பதிலாகப் புகையிலை நிரம்பியிருந்தது. இவ்வருணனையில் நீர்க்குடுவை இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. ஹுக்காவைக் கண்டுபிடித்தவர் அக்பரின் மருத்துவர் ஹகீம் அபுல் ஃபத்ஹ் கீலானி என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அவரோ 1589இலேயே காலமாகிவிட்டார். வட இந்தியாவில் இதுபோன்ற ஒன்றைத் தாம் கண்டதில்லை என்று அசத் பேக் எழுதுவது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். இரண்டையும் பொருத்துவது எளிதன்று.

இது என்ன என்று அரசர் வினவ, கான்-இ-ஆஸம் மிர்ஸா அஸீஸ் கோகா முந்திக்கொண்டு விடையளித்தார்: இது புகையிலை, மக்கா, மதீனாவில் நன்கறியப்பட்டது, மருந்தாகக் கொண்டுவரப்பட்டுள்ளது. ஹஜ்ஜுக்குச் சென்று சில ஆண்டுகளுக்கு முன் திரும்பியவர் அவர். புனித நகரங்களின் பெயரைச் சொல்லி ஒரு புதுப்பொருளை அறிமுகப்படுத்தியதன் நயத்தை நாம் உணரலாம். அரசர் குழலைக் கையில் எடுத்தார். அவை மருத்துவர் தடுத்தார். அசத் பேக்கின் மனம் மகிழவேனும் சிறிது குடிக்க வேண்டும் என்று கூறி, அரசர் இரண்டு மூன்று முறை இழுத்தார். மருத்துவர் தவித்துப்போய், மேலும் இழுக்க விடவில்லை.

அடுத்து நிகழ்ந்த வாதம் இப்பதிவின் உயிர்நாடி. தம் நூல்களில் இதைப் பற்றிய குறிப்பே இல்லை, ஆயினும் ஐரோப்பிய மருத்துவர்கள் மிகப் புகழ்ந்துள்ளனர் என்றார் மருந்தாளர். முன்னோர் எழுதாத, சோதித்தறியாத ஒன்றை அரசர் உட்கொள்வது தகாது என்றார் மருத்துவர். சோதிக்கும் முன்பே தீது என்று தீர்ப்பளிப்பது எப்படி என்று அசத் பேக் மடக்கினார். ஆதம் (அலை) காலம்தொட்டு எல்லா வழக்கங்களும் ஒருநாள் புதியவையாக இருந்தவைதாமே என்பது அவர் வாதம். அதற்குச் சான்றாக அவர் காட்டியது சீன வேர், நம் சித்த மருத்துவர்கள் பறங்கிப்பட்டை என்று வழங்கும் அதே சரக்கு. முன்னோர் அறியாத அது இப்போது பல நோய்களுக்குப் பயன்படவில்லையா என்றார். அரசர் மகிழ்ந்தார். பிற நாட்டு அறிஞர் ஏற்றதை நம் நூலில் இல்லை என்பதற்காகவே தள்ளலாகாது என்பது அவர் கருத்தாயிற்று.

இவ்விருவருமே சோதனையைத்தான் கோரினர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் அருந்துமுன் சோதி என்றார், மற்றவர் விலக்குமுன் சோதி என்றார். வாதத்தில் வென்றவர் அசத் பேக்தான். ஆனால் அவர் சாய்ந்து நின்ற தூண் ஐரோப்பியர் பெரும்பாலும் பிழைசெய்யார் என்ற நம்பிக்கை. செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் 1571இல் வெளியிட்ட நூலில், புகையிலையைப் பற்பல நோய்களுக்கு மருந்தாகப் போற்றியிருந்தார். நூல்வழக்கைச் சார்ந்து நின்றவர் மருத்துவர் மட்டுமல்லர் எனலாம். ஒருவருக்குத் தம்மவர் நூல், மற்றவருக்குப் பிறர் நூல்.

நூலில் இல்லாத இப்பொருள் அதே நூற்றாண்டில் ஃபிக்ஹு அறிஞர்களையும் சோதித்தது. கெய்ரோவில், ஒரே மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இப்ராஹீம் அல்லகானீ அதனை விலக்குமாறு நூல் எழுத, அலீ அல்உஜ்ஹூரீ அறிவை மயக்காதவரை ஆகும் என்று நூல் எழுதினார். தடுக்க நஸ்ஸு இல்லாதபோது ஒரு பொருள் ஆகுமானதே என்ற விதி ஒரு பக்கம், வீண்விரயமும் தீங்கும் மறுபக்கம். அரபு நூல்கள் இதனைப் ‘புகை குடித்தல்’ என்றே குறிக்கின்றன. சுருட்டுக் குடிப்பது என்று நம் கிராமங்களில் சொல்வதும் அதுவே. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடைவிதித்து, மீறியோரைக் கொல்லவும் செய்தார். அப்போதும் படைவீரர் சட்டைக்கைக்குள் குறுங்குழல்களை மறைத்து வைத்திருந்ததைக் காதிப் செலபி 1656இல் எழுதினார்.

முகலாய நாட்டிலும் தடை வந்தது. பலருடைய உடலுக்கும் மனத்துக்கும் கேடு தருகிறது என்று கூறி ஜஹாங்கீர் 1617இல் விலக்கினார். ஈரானில் ஷா அப்பாஸும் அவ்வாறே தடுத்திருந்தார். ஆயினும் அங்கே தூது சென்ற ஜஹாங்கீரின் கான் ஆலம் ஒரு கணமும் புகையின்றி இருக்க இயலாதவர். விருந்தினர் என்பதால் ஷா அவருக்கு இசைவளித்தார்.

அந்த மருத்துவரின் ஐயத்துக்கு ஆய்வுவழி விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோரின் ஆய்வு 1950இல் வெளிப்படுத்தியது. பிறகு உலமாக்கள் பலரும் தீங்கின் அடிப்படையில் ஹராம் என்று ஃபத்வா வழங்கினர்.

ஆக்ராவில் அன்று நடந்ததோ வேறு. அசத் பேக் தாம் கொணர்ந்த எஞ்சிய புகையிலையைப் பிரபுக்களுக்கு அனுப்பினார், கேளாதவரே இல்லை. வணிகர் விற்கத் தொடங்கினர். அக்பர் மட்டும் அவ்வழக்கத்தை மேற்கொள்ளவில்லை. எவராலும் இணங்கவைக்க இயலாத அந்த மருத்துவரைப் பற்றி, இருந்தாலும் அவர் நல்ல மருத்துவரே என்று அசத் பேக் தம் கையாலேயே குறித்துவைத்துள்ளார்.