உபேட்சையும் சட்டமும்: அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு முதியவரைக் கையோங்கி அடிப்பது குற்றம் என்பதை அறியச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆனால், தாமாகப் புரண்டு படுக்கச் சக்தியற்ற ஒருவரை இரவு முழுவதும் ஒரே பக்கமாகக் கிடக்க விடுவதும், தண்ணீர்க் குவளையை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுச் செல்வதும், கழிப்பிடத்துக்குப் போக வேண்டுமென்று அவர் அடித்த மணிக்கு நெடுநேரம் கழித்து வருவதும், இவ்வாறே மாதக்கணக்கில் நிகழ்ந்து வருவதும் குற்றமா, கவனக்குறைவா, அல்லது யாரும் பொறுப்பேற்க வேண்டாத ஆள் பற்றாக்குறையா என்று கேட்டால், நியாயஸ்தலங்களும் தயங்கித்தான் விடை சொல்கின்றன. அந்தத் தயக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து, அது நீங்கும் வழியை நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்குரிய களமாக அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 15,000 இல்லங்களில் 12 இலட்சம் முதியோர் வரை வசிக்கும் அந்நாட்டில், இவ்விஷயம் பற்றிய சட்டங்களும் விதிகளும் தீர்ப்புகளும் மலை போல் குவிந்திருந்தும் துன்பம் குறைந்தபாடில்லை. என் துணிபு இது: ஹிம்சையைப் பெரும்பாலும் தனி மனிதர் செய்கிறார், உபேட்சையைப் பெரும்பாலும் நிர்வாகம் செய்கிறது, முன்னதைத் தேடிப் பிடிக்கப் பழகிய சட்டம், பின்னதைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறது.

இந்த இல்லங்கள் தோன்றிய வரலாற்றிலேயே இக்குறையின் வித்து இருக்கிறது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வறிய முதியோருக்கு உதவிப் பணம் வழங்க முன்வந்தபோது, சர்க்கார் நடத்திய ஏழையர் விடுதிகளின் இழிநிலையை மனத்திற்கொண்டு, அவற்றில் வசிப்போருக்கு அப்பணம் கிடையாது என்று விதித்தது. நல்லெண்ணத்தோடு செய்த அவ்விதியின் பயனாக முதியோர் தனியார் விடுதிகளை நாடிச் சென்றனர். 1965-இல் மெடிகேர், மெடிக்கெய்டு என்னும் இரு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பட்டதும் பொதுப்பணம் அத்தனியார் ஸ்தாபனங்களுக்குப் பெருக்கெடுத்துப் பாய்ந்தது; மேற்பார்வை அந்த வேகத்தில் வளரவில்லை. இன்று பத்தில் ஏழு இல்லங்கள் இலாபத்துக்காக நடப்பவை. அங்கு வசிப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் செலவை மெடிக்கெய்டே ஏற்கிறது. 1986-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற விஞ்ஞான ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையின் விளைவாக, மறு ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட சீர்திருத்தச் சட்டமே இத்துறைக்கு இன்றளவும் மூலப் பிரமாணம். ஒவ்வொருவரும் தமக்கு இயன்ற உச்ச அளவில் உடல்நலமும் மனநலமும் பெற்று வாழ்வதற்கான சேவையை இல்லம் அளிக்க வேண்டும் என்றும், தண்டிப்பதற்காகவோ பணியாளரின் சௌகரியத்துக்காகவோ எவரையும் கட்டினாலோ மருந்தினாலோ முடக்கலாகாது என்றும் அச்சட்டம் பணித்தது. இது ஏட்டளவில் நின்றுவிட்டது என்று சொல்வது அநியாயமாகும். ஐந்தில் இருவர் வரை கட்டிலிலும் நாற்காலியிலும் கட்டி வைக்கப்பட்டிருந்த கொடுமை, அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஐவர் என்ற அளவினும் குறைந்தது. கண்ணால் காணக்கூடியதும் எண்ணக்கூடியதுமான தீமையைச் சட்டம் ஒழிக்க வல்லது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கண்ணுக்கு எளிதில் அகப்படாத உபேட்சைக்கோ முதியவரின் உடலே முதற் சாட்சி. படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். முதுகின் அடிப்புறம், இடுப்பு, குதிகால் முதலிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படும்போது உண்டாகும் இப்புண், நான்கு நிலைகளில் முற்றுகிறது: முதலில் விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு, இரண்டாவதில் மேல்தோல் உரிந்த ரணம், மூன்றாவதில் கொழுப்பு வரை ஆழ்ந்த குழி, நான்காவதில் தசையும் எலும்பும் வெளித்தெரியும் பயங்கரம். முதல் நிலையிலேயே கண்டு, உடலைக் குறித்த நேரங்களில் திருப்பிப் படுக்கவைத்து, ஈரம் படாமல் துடைத்து, நல்ல ஆகாரமும் கொடுத்து வந்தால் பெரும்பாலும் ஆறிவிடக்கூடிய ஒன்று நான்காம் நிலையை எட்டியிருக்கிறதென்றால், நாள்தோறும் பல கைகள் அவ்வுடலைத் தொட்டும் எந்தக் கண்ணும் அதைப் பாராமல் இருந்திருக்கிறது என்பதே பொருள். கருநிற மேனியில் சிவப்பு புலப்படுவதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தகைய தோலில் அவ்விடத்தின் சூட்டையும், கெட்டிப்பையும், வலியையும் தொட்டுத்தான் அறியலாகும். சிவப்பை மட்டும் தேடக் கற்ற தாதியின் கண்ணுக்குக் கறுப்பினத்து முதியவரின் புண் காலம் கடந்தே தென்படுகிறது. மத்திய அரசின் விதியோ, புண்ணின்றி இல்லத்துக்குள் வந்தவருக்கு, அவருடைய நோயின் தன்மையால் தவிர்க்க முடியாதது என்று காட்டினாலன்றிப் புண் உண்டாகலாகாது என்கிறது. ஆகவே வழக்குகளில் வாதம் முழுவதும் தவிர்க்க முடியுமா, முடியாதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது.

உடல் எடையும் இவ்வாறே பேசும். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கோ, மூன்று மாதத்தில் ஏழரைப் பங்கோ, ஆறு மாதத்தில் பத்துப் பங்கோ எடை குறைந்தால் அது கவனிக்கத்தக்க இழப்பு என்று மேற்பார்வையாளர்களின் அளவுகோல் கூறுகிறது. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குப் பொறுமையாக உணவூட்ட அரைமணி நேரமாவது செல்லும். ஒரு பணியாளிடம் பலரை ஒப்படைத்துவிட்ட இல்லத்தில் அந்த அரைமணி நேரம் எங்கிருந்து வரும்? தட்டு வந்தபடியே திரும்பிச் செல்கிறது. ஏட்டில் மட்டும் உண்டதாகக் குறிப்பு ஏறுகிறது. முதியவர் மருத்துவமனையில் கிடந்த நாள்களிலும், இல்லத்தில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததாகவும் குளிப்பாட்டியதாகவும் எழுதப்பட்ட ஏடுகள் வழக்குகளில் வெளிப்படுவதுண்டு. ஆகையால், உறவினர் முதலில் கேட்டுப் பெற வேண்டியது அந்த ஏட்டின் பிரதியையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மருந்தால் முடக்குவது இவற்றினும் நுட்பமானது. சித்தப்பிரமைக்குத் தரும் மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரின் மரண அபாயத்தை உயர்த்துகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. பின்னர் இம்மருந்துகளின் உபயோகத்தை இல்லந்தோறும் கணக்கிட்டு வெளியிட முற்பட்டபோது, சிஸோஃப்ரேனியா என்னும் மனநோய் உடையவர்கள் அக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டனர். அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டு, எண்பது வயதுக்கு மேல் அந்நோய் திடீரென்று தோன்றியதாகச் சில இல்லங்கள் எழுதலாயின. 2023-இல் அதற்கெனத் தனித் தணிக்கை தொடங்க நேர்ந்தது. சென்ற வாரம் வாய் ஓயாமல் பேசிய தாய் இந்த வாரம் தலை தொங்கி உறங்கிக்கொண்டேயிருந்தால், முதுமையின் இயல்பு என்ற சமாதானத்தை மக்கள் ஏற்றுக்கொள்ளலாகாது. என்ன மருந்து, யார் உத்தரவு, யாருடைய சம்மதம் என்று அன்றே கேட்க வேண்டும்.

இனிச் சட்டம் செய்வதைப் பார்ப்போம். குற்றம் நடந்ததாக நியாயமான சந்தேகம் எழுந்தால், பலத்த காயமாயின் 2 மணி நேரத்துக்குள்ளும், இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள்ளும் போலீஸாருக்கும் மாநில அதிகாரிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்பது 2010 முதல் உள்ள கட்டளை. அதற்கு ஏழாண்டுகள் கழித்து, மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கையாளர், இல்லங்களிலிருந்து அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடையே ஹிம்சையோ உபேட்சையோ நிகழ்ந்திருக்கக்கூடிய 134 சம்பவங்களைப் பொறுக்கியெடுத்து ஆராய்ந்தபோது, நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை போலீஸாருக்கு எட்டவேயில்லை என்று கண்டார். எட்டிய இடத்திலும் குற்றவியல் சட்டம் எவ்வளவு தூரம் செல்லும்? 2017 செப்டம்பரில் இர்மா புயலால் குளிர்சாதனம் நின்றுபோன ஃபுளோரிடா மாநிலத்து இல்லம் ஒன்றில், வீதிக்கு எதிரே மின்சாரத்தோடும் குளிர்ச்சியோடும் ஒரு பெரிய மருத்துவமனை இயங்கிக்கொண்டிருக்க, 12 முதியோர் வெப்பத்தால் மாண்டனர். தாதியர் மூவர் மீதான குற்றச்சாட்டை அரசே கைவிட்டது. நிர்வாகியை 2023-இல் நீதிபதி விடுதலை செய்தார். அத்தீர்ப்பைப் பழிப்பது என் கருத்தன்று. ஐயத்துக்கிடமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்கக் கோரும் முறை, பலருடைய சிறு சிறு செயலின்மைகள் கூடி விளைவித்த மரணத்துக்கு ஏற்ற கருவியன்று என்பதையே அது காட்டுகிறது. அச்சம்பவத்துக்குப் பின் அம்மாநிலம் மின்னாக்கி இயந்திரங்களைக் கட்டாயமாக்கியது. அந்த ஒரு விதி செய்த நன்மையை எந்தச் சிறைத் தண்டனையும் செய்திருக்காது.

எஞ்சுவது சிவில் வழக்கு. அங்கேயும் ஒரு விசித்திரமான தடை உண்டு. விபத்தில் இளைஞன் ஒருவன் இறந்தால், அவன் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தைக் கணக்கிட்டு நஷ்டஈடு தருவது வழக்கம். எண்பத்தெட்டு வயது மூதாட்டிக்கு அவ்வகையில் மதிப்பே இல்லை. அவர் பட்ட வேதனைக்கு ஈடு கோரும் உரிமையும் கலிபோர்னியாவில் அவர் உயிரோடு சேர்ந்தே மறைந்துவிடுவதாக இருந்தது. நஷ்டஈடு சொற்பமானால் வழக்குரைஞர் முன்வருவதில்லை. இந்நிலையை மாற்ற 1991-இல் அம்மாநிலம், பொறுப்பற்ற துணிச்சலோடு செய்த உபேட்சை தெளிவான சான்றால் நிலைநாட்டப்பட்டால், முதியவர் இறந்த பின்னும் அவர் வேதனைக்கு ஈடும், வழக்குரைஞர் கட்டணமும் பெற வழி செய்தது. 1999-இல் டெலானிக்கும் பேக்கருக்கும் இடையே நடந்த வழக்கில், உடலில் முற்றிய படுக்கைப் புண்களோடு மலமூத்திரத்தில் நெடுநேரம் கிடந்து இறந்த மூதாட்டியின் பொருட்டு அம்மாநில உச்ச நியாயஸ்தலம் அச்சட்டத்துக்கு முழு உயிர் கொடுத்தது. இது வெறும் மருத்துவத் தொழிற்பிழை, ஆகையால் தொழிற்பிழைக்குரிய சலுகைகள் எமக்கும் உண்டு என்ற இல்லத்தாரின் வாதத்தை அது ஏற்கவில்லை. புண் உண்டானது பிழையாக இருக்கலாம். புண்ணைப் பல வாரம் பாராதிருந்தது பிழையாகாது. இந்த வேறுபாட்டை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய தீர்ப்பு வேறொன்றை நான் கண்டதில்லை.

1987-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது உண்மையான உரிமையா, அல்லது மானியம் பெறுவதற்கான நிபந்தனை மாத்திரந்தானா என்ற கேள்வி 36 ஆண்டுகள் முடிவின்றிக் கிடந்தது. இந்தியானா மாநிலத்தில் மறதி நோயுற்ற ஒருவருக்கு ஆறு வகை மனநோய் மருந்துகளைக் கொடுத்து முடக்கினர் என்றும், பின்னர் குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறித் தொலைவிலுள்ள வேறிடத்துக்கு அனுப்ப முயன்றனர் என்றும் முறையிட்ட டலெவ்ஸ்கி வழக்கில், 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நியாயஸ்தலம் ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையால் அவை உரிமைகளே என்றும், 1871-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டத்தின் வழியே அவற்றை நிலைநாட்டலாம் என்றும் தீர்ப்பளித்தது. நீதிபதி கேடன்ஜி பிரௌன் ஜாக்ஸன் எழுதிய அத்தீர்ப்பு போற்றத்தக்கதே. ஆயினும் அதன் எல்லையை மறக்கலாகாது. அந்த இல்லம் ஒரு கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அரசின் அதிகாரத்தால் செயற்படுவோரை மட்டுமே அப்பழைய சட்டம் பிணிப்பதால், தனியார் இல்லங்களில் வாழும் பெரும்பாலோருக்கு அக்கதவு திறக்கவில்லை.

அவர்களுக்குரிய மாநில நியாயஸ்தலக் கதவையோ, சேர்க்கையன்று நீட்டப்படும் காகிதக் கட்டிலுள்ள மத்தியஸ்த ஒப்பந்தம் அடைத்துவிடுகிறது. தகப்பனாரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிவிட்டுக் கலங்கி நிற்கும் மகள், எதிர்காலத்தில் எந்தத் தீங்கு நேர்ந்தாலும் ஜூரியிடம் போகமாட்டேன் என்று கையொப்பமிடுகிறாள். இத்தகைய ஒப்பந்தம் பொதுநலத்துக்கு விரோதம் என்று கூறிய மேற்கு வர்ஜீனியா நியாயஸ்தலத்தை 2012-லும், வேறொரு வகையில் தடுக்க முயன்ற கென்டக்கி நியாயஸ்தலத்தை 2017-லும், 1925-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தைக் காட்டி உச்ச நியாயஸ்தலம் மறுத்துவிட்டது. வணிகர் இருவர் சரக்கு பற்றிய தகராறைத் தீர்க்க ஏற்பட்ட சட்டம், படுக்கையில் கிடப்பவரின் புண்ணுக்கும் பொருந்துமென்பது எனக்கு உடன்பாடன்று. 2019 முதல், சேர்க்கைக்கு அதை நிபந்தனையாக்கலாகாது என்றும், கையொப்பமிட்டபின் 30 நாளுக்குள் விலகலாம் என்றும் விதி இருக்கிறது. அந்த 30 நாளுக்குள் அக்காகிதத்தை மீண்டும் எடுத்துப் படிக்கும் குடும்பங்கள் சிலவே.

எல்லாவற்றுக்கும் வேர் ஆள்பலம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்ற மதிப்பீடு 2001-இலேயே மத்திய அரசின் ஆய்வில் வெளிவந்தது. 2016 முதல் இல்லங்கள் சம்பளப் பட்டியலின் ஆதாரத்தோடு வேலை நேரத்தைச் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், எந்த இல்லத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் இருந்தனர் என்பது இன்று யாரும் காணக்கூடிய சாட்சியமாகிவிட்டது. 2024-இல் அரசு 3.48 மணி நேரத்தையும், இரவும் பகலும் பதிவு பெற்ற தாதி ஒருவரையும் கட்டாயமாக்கியது. கிராமப்புற இல்லங்கள் ஆள் கிடைக்காமல் மூடப்படும் என்று இல்லத்தார் வாதித்தனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. மெடிக்கெய்டு தரும் தொகை குறைவு, உதவித் தாதியரின் கூலி அதனினும் குறைவு. ஆனால், உரிமையாளர் தம் சொந்தக் கிளைக் கம்பெனிக்கே கட்டட வாடகையும் நிர்வாகக் கட்டணமும் செலுத்தி, இல்லத்தின் கணக்கில் நஷ்டத்தைக் காட்டும் வழக்கம் பரவியுள்ள துறையில், பணமில்லை என்ற சொல்லைக் கணக்குகள் முழுதும் திறந்து வைக்கப்பட்ட பிறகே ஏற்க முடியும்.

2024-ஆம் ஆண்டின் அவ்விதி நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலில் டெக்ஸஸ் மாநிலத்து மத்திய நியாயஸ்தலம், சட்டமியற்றும் சபையாகிய காங்கிரஸ் அளிக்காத அதிகாரத்தை நிர்வாகத் துறை எடுத்துக்கொண்டது என்று கூறி அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. ஜூலையில் காங்கிரஸும் அதன் அமலை 2034 வரை தடுத்துவைத்தது. ஆகவே, பதிவு பெற்ற தாதி நாளில் 8 மணி நேரம் இருக்க வேண்டும், மற்ற நேரத்தில் அவரினும் குறைந்த பயிற்சியுள்ள தாதி ஒருவர் இருக்கலாம், ஏனைய பணியாளர் போதுமான அளவு இருந்தால் சரி என்ற 1987-ஆம் ஆண்டின் ஏற்பாடே எஞ்சியிருக்கிறது. போதுமான அளவு எது என்பதை எண்ணால் வரையறுப்பதும், தகராறு எழுமுன் வாங்கும் மத்தியஸ்த ஒப்பந்தத்தை இவ்வில்லங்களில் செல்லாததாக்குவதும் காங்கிரஸ் ஒன்றாலேயே ஆகக்கூடியவை. அவ்விரண்டையும் செய்யாதவரையில், ஓர் உதவித் தாதியைத் தண்டித்துவிட்டு நீதி செய்துவிட்டதாகக் கூறும் உரிமை அச்சபைக்கு இல்லை.