சாம்பிராணி, குங்கிலியம், குந்துருக்கம்: வடசென்னை வழிபாட்டு மரபுகளை முன்வைத்து

முன்னுரை

வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் சைவர், கத்தோலிக்கர், பார்சிகள், இசுலாமியர் ஆகியோரின் வழிபாடுகளில் நறும்புகை இடம்பெறுகிறது. அப்புகை தரும் பிசின்கள் பேச்சுவழக்கில் பெரும்பாலும் ‘சாம்பிராணி’ என்றே சுட்டப்பெறுகின்றன. வெவ்வேறு மரங்களில் தோன்றி வெவ்வேறு வழிகளில் வந்த பொருள்கள் ஒரே பெயருள் அடங்கியமை, பழஞ்சான்றுகளைப் பொருள்கொள்வதில் பிழைக்கு இடமளிக்கிறது. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

குந்துருக்கம் என்பது போஸ்வெல்லியா இன மரங்களின் பிசின். தென் அரேபியா, சோமாலியா ஆகியவற்றில் கிடைப்பது உலக வணிகத்தில் பெயர்பெற்றது; இந்தியக் காடுகளிலும் இம்மரத்தின் ஓரினம் வளர்கிறது. சாம்பிராணி எனப் பொதுவாக அறியப்படுவது சுமத்திரா முதலிய இடங்களில் கிடைக்கும் ஸ்டைராக்ஸ் மரப்பிசின். குங்கிலியமோ சால், வெள்ளைக் குங்கிலியம் முதலிய மரங்களினின்று பெறப்படுவது.

குந்துருக்கத்திற்குப் ‘பறங்கிச் சாம்பிராணி’ என்ற பெயரும் மருத்துவ வழக்கில் உண்டு. இந்திய மரத்தின் பிசினுக்கும் ‘பறங்கி’ என்னும் அடை வழங்குவதால், சாம்பிராணி என்ற சொல் நிலைபெற்ற பின்னரே இப்பெயர் தோன்றியிருத்தல் வேண்டும். அரபியிலும் இத்தகைய பெயர் விரிவைக் காணலாம். குந்துருக்கத்தைக் குறித்த ‘லுபான்’, சுமத்திராப் பிசினுக்கு ‘லுபான் ஜாவி’ என நீண்டது.

சோழர் காலம்

1015இல் சீனாவின் சோங் அரசவையை அடைந்த சோழத் தூதுக்குழுவின் காணிக்கைகளுள் 60 காட்டி எடையுள்ள குந்துருக்கமும் இருந்ததைச் சீன வரலாற்றுநூல் குறிக்கிறது. அரபிக்கடல், சீனக்கடல் வணிகங்களை இணைத்த இடைநிலமாகச் சோழநாடு விளங்கியதை இக்குறிப்பு உணர்த்துகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர், மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கியது குங்கிலியமே. அதே நூலில் திருவொற்றியூர்க் கலியர் விளக்கெரிக்கும் தொண்டினராகப் போற்றப்படுகிறார். கலயரின் குங்கிலியத்தைச் ‘சாம்பிராணி’ என விளக்குவது, உள்நாட்டுக் காடுகளிலும் கிடைத்த ஒரு பொருளைக் கடல்வழி இறக்குமதியாக மாற்றிவிடுகிறது.

இராயபுரம்

இராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப்பெயர். அவர் பெயரால் அமைந்த இராயபுரத்தின் தூய பேதுரு ஆலயம், படகோட்டிகளின் பொருளுதவியால் எழுந்தது. கத்தோலிக்கர் திருவழிபாட்டில் தூபக்கலத்தில் பிசினிட்டுப் புகையெழுப்புவர். இயேசுவுக்கு ஞானியர் அளித்த காணிக்கையைப் பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு ‘தூபவர்க்கம்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ ‘சாம்பிராணி’ என்கிறது. மூலச்சொல் குறிப்பது குந்துருக்கத்தையே. இராயபுரத்திலேயே 1910இல் பார்சிகளின் தீக்கோயில் எழுப்பப்பட்டது. புனிதத் தீக்குச் சந்தனக் கட்டையும் லோபானும் இடுதல் அவர்தம் மரபு. லோபான் என்பது ‘லுபான்’ என்பதன் வழிவந்த சொல்லே.

முடிவுரை

சாம்பிராணி என்ற சொல், மரம் எதுவெனப் பாராது பயன்பாட்டின்வழி பொருள்களை ஒன்றிணைத்துள்ளது. அன்றாட வழிபாட்டிற்கு இவ்வொருமை தடையன்று. வணிக வரலாற்றாய்விலோ பிசினின் பெயர் மாறினால் அது வந்த துறைமுகமும் மாறிவிடும். எனவே உரைகளிலும் அகராதிகளிலும் இம்மூன்றையும் வேறுபடுத்திக் குறிப்பது இன்றியமையாதது.