போதகரும் ஆசிரியரும்: லாத்விய வினைமுதற்பெயர்களின் வரலாறு

லித்துவேனியமும் லாத்வியமும் பால்டிக் கிளையில் இன்றும் வழங்கும் உடன்பிறந்த மொழிகள். 'கற்பித்தல்' என்னும் பொருளுடைய வினை இரண்டிலும் ஒரே வேரினது. அதனோடு வினைமுதல் விகுதி சேர, லித்துவேனியத்தில் பிறக்கும் 'மோக்கீத்தோயஸ்' பள்ளி ஆசிரியரைக் குறிக்கும். லாத்வியத்தில் பிறக்கும் 'மாத்ஸீத்தாய்ஸ்' தேவாலயப் போதகரைக் குறிக்கும். சொல்லாக்கம் ஒன்றாயிருக்கப் பொருள் ஏன் பிரிந்தது?

முதலில் இலக்கணத்தைக் காண்போம். லாத்வியத்தில் வேருக்குப்பின் உயிர் விகுதி பெற்று நீளும் வினைகள் '-த்தாய்ஸ்' ஏற்கும்: 'லஸீத்' (வாசித்தல்), 'லஸீத்தாய்ஸ்' (வாசகர்). வேரே அடியாக நிற்கும் வினைகள் இறந்தகால அடியின்மேல் '-ஏய்ஸ்' ஏற்கும்: 'தோத்' (கொடுத்தல்), 'தெவ' (கொடுத்தான்), 'தெவேய்ஸ்' (கொடுப்பவர்). தொழிலையோ நிலையையோ சுட்ட '-னியக்ஸ்' உண்டு. 'ரக்ஸ்தீத்தாய்ஸ்' எழுதுபவர் எவரும் ஆகலாம். 'ரக்ஸ்த்னியக்ஸ்' எழுத்தாளர் மட்டுமே.

இனி வரலாறு. 13ஆம் நூற்றாண்டு முதல் அந்நிலத்தில் ஜெர்மன் பேசும் பிரபுக்களும் குருமாரும் மேலோங்கினர். 1586இல் லுத்தரன் வினாவிடை நூல் லாத்வியத்தில் அச்சேறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்ஸ்ட் க்ளூக் என்னும் ஜெர்மானியப் போதகர் விவிலியத்தை மொழிபெயர்த்தார். பண்ணையடிமையாயிருந்த உழவருக்குக் கற்பிப்பவர் என்றால் போதகர்தாம். ஆகவே அப்பெயர் அவர்க்கே உரியதாயிற்று.

பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கோலா' கீழ் ஜெர்மனிலிருந்து வந்த சொல். பள்ளி ஆசிரியரும் முன்பு 'ஸ்கோல்மெய்ஸ்தெரிஸ்' என ஜெர்மன் பெயராலேயே அழைக்கப்பட்டார். பண்ணையடிமை முறை குர்ஸெமேயில் 1817இலும் வித்ஸெமேயில் 1819இலும் ஒழிந்தது. அந்நூற்றாண்டின் நடுவில் தேசிய விழிப்பு எழுந்தது. யூரிஸ் அலுனான்ஸ், ஆசிரியரான அதிஸ் க்ரோன்வல்த்ஸ் முதலியோர் புதுச்சொற்களை ஆக்கினர். 'வரலாறு' எனப் பொருள்படும் 'வேஸ்தூரெ' க்ரோன்வல்த்ஸ் தந்தது. 1888இல் ஆந்த்ரெய்ஸ் பும்புர்ஸ் இயற்றிய காப்பியத்தின் தலைவன் பெயரான 'லாச்ப்ளேசிஸ்' என்பதும் 'கரடியைக் கிழிப்பவன்' எனும் தொகைநிலை வினைமுதற்பெயரே.

இன்று ஆசிரியர் 'ஸ்கோலோத்தாய்ஸ்'; ஆசிரியை 'ஸ்கோலோத்தாய'. வேர் கடன், விகுதி சொந்தம். பிறர் தந்த சொல்லை விலக்காமல், அதனை வினையாக்கி, அவ்வினையைச் செய்பவரைத் தன் விகுதியாலேயே அம்மொழி பெயரிட்டது. கடன் சொற்களால் மொழி அழியும் என அஞ்சுவோர் கருதவேண்டியது இதுவே: வேர்ச்சொற்கள் எங்கிருந்தும் வரலாம். சொல்லாக்கும் விகுதிகள் உயிரோடு இயங்கும்வரை அம்மொழி தன்னியல்பை இழப்பதில்லை.