புனேயில் ஆங்கில இலக்கண அச்சும் மரபு வழக்கும்

புனே நகரின் வடமேற்கே உள்ள வாகட், ஹிஞ்சவடித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிற்கு அண்மையது. இத்தகைய பகுதிகளில் மராத்தியருக்கும் தமிழருக்கும் ஆங்கிலமே பொதுமொழி. 'டுடே மார்னிங்' எனலாமா, 'திஸ் மார்னிங்' என்றே கூறவேண்டுமா என்னும் ஐயமும் இரு சாரார்க்கும் பொதுவாகும். தமிழில் 'இன்று காலை'. மராத்தியில் 'ஆஜ் ஸகாளீ'. இருமொழிகளும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருத்தலின் பிழையும் ஒன்றாயிற்று. பள்ளி இலக்கணங்கள் இதனைப் பிழையெனத் தள்ளுமேயன்றி, அதன் தோற்றுவாயை ஆராய்வது அரிது.

ஆங்கில இலக்கணம் மராத்தியின் மீது செலுத்திய ஆட்சி நீண்ட வரலாறு உடையது. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1836இல் தாதோபா பாண்டுரங்க் மராத்தி இலக்கணம் இயற்றினார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டே. புனேயில் 1821இல் விச்ராம்பாக் வாடாவில் தொடங்கப்பெற்ற வடமொழிப் பாடசாலை (பின்னாளைய தக்காணக் கல்லூரி) 1837 முதல் தாமஸ் கேண்டியின் மேற்பார்வையில் இயங்கியது. மோல்ஸ்வொர்த் தொடங்கிய ஆங்கில-மராத்தி அகராதியை 1847இல் நிறைவு செய்தவரும், 1850இல் நிறுத்தக்குறிகள் பற்றி மராத்தியில் சிறுநூல் எழுதியவரும் அவரே. மராத்தியர்க்கு மராத்தி உரைநடையின் செம்மையை ஆங்கிலேயர் ஒருவர் வரையறுத்த நிலை விந்தையானதே. ஆயினும் அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. நிறுத்தக்குறிகள் நிலைத்துவிட்டன, தமிழிலும் ஆறுமுக நாவலரின் உரைநடை வழியே அவை வேரூன்றின.

அச்சு பொருந்தாத இடமும் உண்டு. முன்னிலையாரை உளப்படுத்துவது 'நாம்', உளப்படுத்தாதது 'நாங்கள்'. மராத்தியிலும் 'ஆபண்', 'ஆம்ஹீ' என இவ்வேறுபாடு உளது. ஆங்கிலத்திற்கோ 'வீ' ஒன்றே. 'என்று' என்னும் தமிழ்ச்சொல் 'என்' என்னும் வினையடியாகப் பிறந்தது போலவே, மராத்தி 'ம்ஹணூன்' என்பதும் 'சொல்லி' என்னும் பொருளுடைய எச்சமாகும். குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் அண்மையால் ஒத்தமைவதை எமனோ 1956இல் 'இந்தியா ஒரு மொழியியற் பரப்பு' என்னும் கட்டுரையில் விரித்துரைத்தார். மர்ரேயின் அச்சில் இவற்றுக்கு இடமில்லை.

விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் 1874இல் புனேயில் தொடங்கிய 'நிபந்தமாலா' இதழில், ஆங்கிலத்தின் நிழலில் மராத்தி அடைந்த நிலையை எடுத்துரைத்தார். ஆங்கிலத்தைப் புலிப்பால் என்று போற்றியதாகச் சொல்லப்படுபவரும் அவரே. இதில் முரண் இல்லை. அரசுப் பணியைத் துறந்து, 1880இல் திலகர் முதலியோருடன் புதிய ஆங்கிலப் பள்ளியை நிறுவியவர், ஆங்கிலக் கல்வியை வெறுத்தவராக இருத்தல் இயலாது. தாய்மொழியின் வழக்கிற்கு யார் தீர்ப்பளிப்பது என்பதே அவருடைய வினா.

பழமொழிகளைப் பொறுத்தவரை, தீர்ப்பு என்றும் மக்களிடமே இருந்தது. பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுதி, 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டவற்றைக் கொண்டிருந்தது. மராத்திப் பழமொழிகளை மான்வேரிங் 1899இல் ஆங்கிலத்தில் தந்தார். தன் குறையைப் பிறிதொன்றின்மேல் ஏற்றுவோனை ஆங்கிலேயர், கருவியைக் குறைகூறும் தொழிலாளி என்பர். தமிழில், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மராத்தியிலும் ஆடத் தெரியாதவளுக்கு முற்றமே கோணலாக இருக்கிறது.