வானம் கறுக்கும் முன்னே தலை கனக்கும்



"மழை வரப் போகிறது; என் தலை இடிக்கத் தொடங்கிவிட்டது" என்று வீட்டிலே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். பாட்டி மட்டும் நெற்றியில் கோடாலித் தைலத்தைத் தடவியபடி, கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே போடச் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சில வேளைகளில் மழை வந்துவிடும். வராத நாட்களை மட்டும் யாரும் நினைவில் வைப்பதில்லை. வானிலைக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவர்களுக்கெல்லாம் இந்த மறதிதான் பெரிய இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் தலைவலியைத் 'தலையிடி' என்பார்கள். உலக்கை இடிப்பதுபோல் தலைக்குள் இடிப்பதால் வந்த சொல் அது. வானத்து இடியால் வந்ததன்று. ஆயினும் இரண்டு இடிகளையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கும் எண்ணம் பழமையானது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸின் பெயரால் வழங்கும் பண்டைய நூல் ஒன்று, காற்றும் நீரும் நிலமும் மனிதனின் நோய்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையே பேசுகிறது. எனினும் காற்றை அளக்கும் வழி அக்காலத்தவரிடம் இல்லை. 1643-இல் இத்தாலி நாட்டு டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றழுத்தத்தைக் கண்டுகொள்ள வழி செய்த பிறகுதான், வானத்தின் மாற்றத்தை எண்ணாகக் குறித்துவைக்க முடிந்தது. வலியைக் குறித்துவைக்கத்தான் நெடுங்காலம் ஆளில்லை.

அந்த ஆள் ஒரு போர்வீரர். கேட்லின் என்ற அந்த அமெரிக்க ராணுவ கேப்டன், உள்நாட்டுப் போரில் 1864-இல் தம் கால்களில் ஒன்றை இழந்தவர். இல்லாத அந்தக் கால் அவருக்கு விடாமல் வலித்தது. கேட்பவர்கள் நம்பத் தயங்கும் வலிதான். ஆனால் அவர் புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது வானிலை எப்படி இருந்தது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார். 1870-இல் அமெரிக்காவில் தொடங்கிய வானிலைச் சேவை, பல ஊர்களின் நிலவரத்தைத் தந்தி மூலம் திரட்டி வந்தது. ஆகவே, தம் ஊரில் வானம் தெளிவாக இருந்தபோதும், தொலைவில் புயல் எங்கே நகர்கிறது என்பதை அவரால் ஒப்பிட முடிந்தது.

பிலடெல்பியா நகரத்து நரம்பியல் மருத்துவர் வெய்ர் மிட்செல் இந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1877-இல் வெளியிட்டார். மழை பெய்யும் பரப்புக்கு முன்னால் ஏறக்குறைய 150 மைல் அகலத்தில் ஒரு வலிப்பட்டை நகர்ந்து வருகிறது என்பது அவர் கண்ட முடிவு. மழைத்துளி ஒன்றுகூட விழாத ஊரில் ஒருவர் வலியால் துடிப்பதற்கு அதில் விளக்கம் கிடைத்தது. கேட்லினுக்கு வந்தது தலைவலியன்று. இதை மறக்கக் கூடாது. ஆயினும், நோயாளியின் நாட்குறிப்பையும் வானிலைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறையே பிற்காலத் தலைவலி ஆராய்ச்சிகளிலும் கையாளப்பட்டது.

அந்த முறை நோயாளிகளுக்குச் சாதகமாகவும் பேசியது, எதிராகவும் பேசியது. 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 77 பேரின் நாட்குறிப்புகள் ஆராயப்பட்டன. வானிலை தங்களைப் பாதிக்கிறது என்று நம்பியவர்கள் 48 பேர். குறிப்புகளின்படி உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் 39 பேர். பாட்டி சொன்னது வெறும் கற்பனையன்று. அதே சமயம் சொல்லும் எல்லாருக்கும் அது பொருந்தவும் இல்லை.

கனடாவின் கால்கரி நகரில் மலையிறங்கி வீசும் 'சினூக்' என்ற வெப்பக் காற்றைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. அங்கே 75 பேரில் 32 பேருக்குக் காற்றோடு தொடர்பு தெரிந்தது. அவர்களிலும் சிலருக்குக் காற்று வருவதற்கு முன்னாளில் வலி. வேறு சிலருக்குக் காற்று பலமாக வீசும் நாளில் வலி. இரண்டு நாளும் அவதிப்பட்டவர்கள் இருவர் மட்டுமே. ஒரே காற்றுத்தான், தலைகள்தாம் வேறு வேறு.

இடிமின்னலுக்கு வருவோம். அமெரிக்காவின் ஒஹாயோ, மிசௌரி மாநிலங்களைச் சேர்ந்த 90 பேரின் நாட்குறிப்புகளைக் கொண்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வீட்டிலிருந்து 25 மைலுக்குள் மின்னல் விழுந்த நாட்களில் தலைவலி வரும் வாய்ப்பு 31 விழுக்காடு கூடியிருந்தது. மின்னல் எழுப்பும் மின்காந்த அலைகள், காற்றில் பெருகும் ஓசோன், கிளம்பிப் பரவும் பூஞ்சைத் துகள்கள் ஆகியவை காரணமாகலாம் என்றார்கள். இவை கருத்துகள்தாம், மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. 2011-இல் வெளிவந்த வியன்னா ஆய்வோ 238 பேரை 90 நாட்கள் குறிப்பெழுதச் செய்து, வானிலையின் பங்கு மிகச் சிறியது, ஐயத்துக்குரியது என்றே சொன்னது.

நம் பக்கத்து வானம் இந்த நாடுகளின் வானத்தைப் போன்றதன்று. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடிமின்னல் உண்டு. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து பாயும் 'சுமத்ரா' காற்றை மேற்குக் கரை மக்கள் நன்கு அறிவார்கள். ஆனால் காற்றழுத்தம் இங்கே நாள்தோறும் கடிகாரம் போல ஒழுங்காக நடக்கிறது: முற்பகலில் ஏறி, பிற்பகலில் சில மில்லிபார் இறங்கி, இரவில் மீண்டும் ஏறி, பின்னிரவில் மீண்டும் இறங்கும். அந்தச் சிறு இறக்கமே வலி தருமானால், நமக்கெல்லாம் தினமும் மாலையில் தலை வலிக்க வேண்டுமே! ஆகவே மழைக்கு முந்திய தலைவலிக்குக் காற்றழுத்தத்தை மட்டும் குற்றவாளியாக்குவது சரியாகாது. அன்றைய புழுக்கம், கண்ணைக் கூசச்செய்யும் வெளிச்சம், குடிக்காமல் விட்ட தண்ணீர், தவறிய பகலுணவு, இரவில் கெட்ட தூக்கம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 7,054 தலைவலிக்காரர்களைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்விலும், வெப்பம்தான் முன்னால் நின்றது: 5 பாகை செல்சியஸ் கூடினால் அடுத்த நாளில் 7.5 விழுக்காடு கூடுதல் ஆபத்து.

மருத்துவர்கள் 'இடித் தலைவலி' என்று குறிப்பிடும் ஒன்று உண்டு. அதற்கும் மழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடி விழுந்ததுபோல் திடீரென்று தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் கடும் வலி அது. மூளையைச் சுற்றி இரத்தம் கசிவதன் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். வானம் எப்படி இருந்தாலும், தைலம் தடவிப் படுத்துக்கொள்ளாமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.